பெட்டி வீட்டின் முதல் குடித்தனம்

பழைய கன்டெய்னரை வாங்கி வீடாக்க நினைப்பவர் போடும் செலவுக் கணக்கில் லாரி வாடகை இருக்கும், கிரேன் இருக்கும், அஸ்திவாரம், வெல்டிங், வயரிங், பெயின்ட் எல்லாம் வரிசையாக இருக்கும். குருவி இருக்காது. ஆனால் வட அமெரிக்கக் கிராமப்புறங்களில், வார இறுதிகளில் வந்து தம் கையாலேயே வீடு கட்டிக்கொள்கிறவர்களின் வேலையை ஏப்ரல், மே மாதங்களில் நிறுத்திவைக்க ஒரு கைப்பிடிப் புல்லும் நாலு முட்டையும் போதும். கதவைத் திறந்தால் பூட்டுக் கம்பியின் மேலேயோ, அலமாரியில் விட்டுவைத்த கருவிப் பைக்குள்ளேயோ ஒரு கூடு இருக்கும். இதற்கு இரண்டு அறிவுரைகள் எப்போதும் தயாராக உள்ளன. தூக்கி வெளியே போட்டுவிட்டு வேலையைப் பார் என்பது ஒன்று. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அவை பறந்து போகிறவரை கை கட்டி உட்கார் என்பது மற்றது. கருணையா காசா என்று இதை விவாதிப்பவர்கள் இந்த இரண்டில் ஒரு பக்கம் நின்றுகொள்கிறார்கள். இரு தரப்பும் பறவையை எங்கிருந்தோ வந்து குறுக்கே விழுந்த தடையாகவே பார்க்கின்றன. நான் அப்படிப் பார்க்கவில்லை. எந்த வேலையை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று கட்டுகிறவர் வகுத்த வரிசைதான் அந்தக் கூட்டுக்கு இடம் கொடுத்தது. ஆகவே தீர்வையும் அந்த வரிசையில்தான் தேட வேண்டும். கூடு கண்ணில் பட்ட பிறகு செய்யக்கூடியது மிகக் குறைவு.

அமெரிக்காவில் வழக்கமான மரச்சட்ட வீட்டை எடுத்துக்கொள்ளலாம். அஸ்திவாரம், தரை, சுவர்ச் சட்டங்கள் எல்லாம் முடிந்துதான் கூரை. கூரை ஏறியதிலிருந்து ஜன்னலும் கதவும் பொருத்துகிறவரை உள்ள சில வாரங்களில் மட்டுமே அந்த வீடு பறவைக்கு ஒரு பொந்தாகத் தெரியும். அப்போதும் ஆள் நடமாட்டமும் சுத்தியல் சத்தமும் நாள் முழுவதும் இருக்கும். கன்டெய்னரின் கதை தலைகீழ். தரையில் இறக்கிய முதல் நாளே அதற்குக் கூரை உண்டு, சுவர் உண்டு. 8 அடி அகலம், 40 அடி நீளம், எட்டரை அல்லது ஒன்பதரை அடி உயரம் கொண்ட ஆயத்தக் குகை அது. 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீனின் 'ஐடியல்-எக்ஸ்' கப்பல் 58 பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டதிலிருந்து இந்தப் பெட்டியின் இலக்கணம் ஒன்றுதான்: கடல்நீரும் காற்றும் உள்ளே போகக் கூடாது. கதவைச் சுற்றிலும் ரப்பர் பட்டை இருக்கிறது. காற்றுத் துளைகள்கூட மூடி போட்ட சின்னஞ்சிறு துளைகள். மூடிக் கிடக்கும் கன்டெய்னருக்குள் ரென் என்னும் சிறு குருவிகூட நுழைய முடியாது. பிலிப் கிளார்க் என்பவர் 1987இல் விண்ணப்பித்து 1989இல் காப்புரிமை வாங்கிய முறை முதல், லண்டனில் 2001இல் எழுந்த கன்டெய்னர் சிட்டி வரை, இந்தப் பெட்டியை வீடாக்கும் எல்லா முயற்சியிலும் முதல் சடங்கு அதன் சுவரை அறுப்பதுதான். பறவைக்குக் கதவு திறப்பதும் அந்த அறுவைதான்.

அறுப்பதற்கும் அடைப்பதற்கும் நடுவே எத்தனை நாள் போகிறது என்பதுதான் கேள்வியே. பிளாஸ்மா கட்டரோ கிரைண்டரோ கையிலிருந்தால் ஒரு வார இறுதியில் நாலு ஜன்னலுக்கு ஓட்டை போட்டுவிடலாம். செய்ததும் கண்ணுக்குத் தெரியும், உள்ளே வெளிச்சம் வரும், மனசுக்கு உற்சாகமாகவும் இருக்கும். ஜன்னலோ விலை கூடியது, அளவெடுத்துச் சொல்லிவைத்து வாங்க வேண்டியது. அதற்கும் முன்னால், அறுத்த இடத்தில் சுவர் இழந்த வலுவை ஈடுகட்ட இரும்புக் குழாய்ச் சட்டம் வெல்டிங் செய்ய வேண்டும். ஏனென்றால் இந்தப் பெட்டியில் மடிப்பு மடிப்பான பக்கத் தகடும் சுமை தாங்கும் உறுப்புதான். கைக்காசில், விடுமுறை நாட்களில் கட்டுகிறவருக்கு இந்த இடைவெளி எளிதில் மாதக்கணக்கில் நீண்டுவிடும். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே ஈ, காக்கை கிடையாது என்று நாம் சொல்வோம். பறவைக்கு வேண்டியதும் அந்த ஆளில்லாத அமைதிதான்: மழை படாத, பாம்பு எளிதில் ஏற முடியாத, வாரத்தில் ஐந்து நாள் அரவமே இல்லாத இடம். தினமும் இருபது பேர் வேலை செய்யும் ஒப்பந்ததாரரின் தளத்தைவிட ஒற்றை ஆளின் கனவு வீட்டைப் பறவை விரும்புவதில் வியப்பில்லை.

வருகிற பறவைகளும் இதற்கென்றே பழகியவை. அமெரிக்காவின் தென்கிழக்கில் கரோலினா ரென் பூந்தொட்டி, தபால் பெட்டி, மாட்டி வைத்த பழைய பூட்ஸ் என்று எதிலும் குடியேறும். ஆணும் பெண்ணுமாகக் காய்ந்த இலை, வேர்நார், சில வேளை பாம்புச் சட்டைத் துண்டு வரை கொண்டுவந்து, பக்கவாட்டில் வாசல் வைத்த கூண்டு போல ஒன்றைச் சில நாட்களிலேயே முடித்துவிடும். அதன் உறவான ஹவுஸ் ரென் இன்னும் வேடிக்கை: ஆண் பறவை அக்கம்பக்கத்திலுள்ள பல பொந்துகளில் குச்சிகளைத் திணித்துவைக்கும், பெண் பறவை வந்து அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். ஆகவே கண்ணில் படும் குச்சிக் குவியல் எல்லாம் குடியிருக்கும் கூடு அல்ல. ஈஸ்டர்ன் ஃபீபியும் அமெரிக்க ராபினும் தட்டையான விளிம்பு தேடுகிறவை. கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பே அவற்றுக்குப் போதும். தகைவிலான் மண் உருண்டைகளைக் கொத்திக் கொத்தி வந்து ஒட்டிக் கூடு கட்டும். பெயின்ட் அடித்த வழவழப்பான தகட்டில் மண் லேசில் பிடிக்காது. உள்ளே மரச்சட்டம் அடித்த மறுவாரம் அதற்கும் வழி பிறந்துவிடுகிறது. உலகெங்கும் இந்தப் பறவை ஏறக்குறைய முழுவதும் மனிதக் கட்டடங்களை நம்பியே கூடு கட்டுகிறது. இதே இனத்தின் ஆசியக் கூட்டங்கள் குளிர்காலத்தில் தமிழ்நாட்டு வயல்களின் மேல் பறப்பதையும் மின்கம்பிகளில் வரிசையாக உட்கார்ந்திருப்பதையும் பார்க்கலாம்.

கூட்டின் ஆயுள் எவ்வளவு என்று பார்த்தால் பதற்றம் பாதி குறையும். ரென் நாளுக்கு ஒன்றாக நாலைந்து முட்டை இடும். அடைகாப்பது ஏறத்தாழ இரண்டு வாரம். குஞ்சுகள் கூட்டில் இருப்பது இன்னொரு இரண்டு வாரம். தகைவிலானுக்கு அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சு வளர ஏறக்குறைய மூன்று வாரம். ஆக, முதல் முட்டையிலிருந்து கடைசிக் குஞ்சு பறக்கும் வரை ஐந்து அல்லது ஆறு வாரம். சிக்கல் இந்த ஐந்து வாரத்தில் இல்லை. அதை அடுத்து வரும் இரண்டாம் ஈட்டில் இருக்கிறது. இந்தப் பறவைகளில் பல ஒரே கோடையில் இரண்டு தடவை, ரென் சில வேளை மூன்று தடவைகூடக் குஞ்சு பொரிக்கின்றன. முதல் குஞ்சுகள் பறந்தபின் இடைவெளி விடாமல் அடுத்த முட்டை விழுந்துவிட்டால் மே மாதக் காத்திருப்பு ஆகஸ்டு வரை இழுக்கும். காத்திருப்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். குஞ்சு பறந்ததும் "போகட்டும், நல்லபடியாக முடிந்தது" என்று நிம்மதியாக அடுத்த வார இறுதி வரை திறந்தே விடுகிறார்கள்.

சட்டம் எங்கே கோடு கிழிக்கிறது? அமெரிக்காவும் கனடாவின் சார்பில் பிரிட்டனும் 1916இல் செய்துகொண்ட உடன்படிக்கையை நிறைவேற்ற 1918இல் வந்தது வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அதன் பாதுகாப்பில் உள்ளன. வலசையே போகாத கரோலினா ரென்னும் அவற்றில் ஒன்று. முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டை அனுமதியின்றி அழித்தால் 15,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குப் பணித்துறை 2018இல் வெளியிட்ட விளக்கத்தின்படி, முட்டையோ குஞ்சோ இல்லாத கூட்டைக் கலைக்கலாம்; எடுத்து வைத்துக்கொள்ளத்தான் கூடாது. தெரியாமல், வேறொரு வேலையின் பக்கவிளைவாகப் பறவை செத்தால் குற்றமா என்பதில் அந்நாட்டு அரசுகள் 2017, 2021, 2025 என்று மாறி மாறி நிலைப்பாடு எடுத்துவருகின்றன. அதைக் காட்டி "இப்போது சட்டம் தளர்ந்துவிட்டது" என்று வாதிடுகிறவர்கள் உண்டு. முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையால் எடுத்தெறிகிறவருக்கு அந்த வாதம் உதவாது. அது தெரிந்தே செய்வது. எந்த விளக்கத்திலும் அது குற்றம்தான்.

பிரிட்டனின் 1981ஆம் ஆண்டு வனவிலங்கு மற்றும் கிராமப்புறச் சட்டம் கோட்டை இன்னும் முன்னால் கிழிக்கிறது: பயன்பாட்டில் உள்ள கூட்டை மட்டுமல்ல, கட்டிக்கொண்டிருக்கும் கூட்டைத் தெரிந்தே சேதப்படுத்துவதும் குற்றம். கனடா 2022இல் திருத்திய விதிகளில் பெரும்பாலான இனங்களுக்கு உயிருள்ள பறவையோ பொரிக்கக்கூடிய முட்டையோ இருக்கும்போது மட்டும் கூட்டைக் காக்கிறது. 18 இனங்களின் கூடுகளுக்கு மட்டும் காலியாக இருந்தாலும் பாதுகாப்பு உண்டு. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அட்டவணையில் உள்ள பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டையாடுவதோடு சேர்த்தே தடுக்கிறது. அமெரிக்கக் கோடு கட்டுகிறவருக்குச் சாதகமானது போலத் தோன்றும்: முட்டை விழுவதற்கு முன் புல்லை எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கலாமே! தினமும் தளத்தில் இருப்பவருக்கு அது சரி. ஞாயிறு மாலை கிளம்பி அடுத்த சனி காலை வருகிறவருக்கு அந்தச் சலுகையால் பெரிய பயனில்லை. அந்த ஐந்து நாளில் காலி விளிம்பில் கூடு முளைத்து முட்டையும் விழுந்திருக்கலாம். அதனால் பிரிட்டிஷ் கோடே நடைமுறைக்கு ஏற்றது என்று எனக்குத் தோன்றுகிறது. புல் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்புக்கு அது இடமே கொடுப்பதில்லை.

முட்டை விழுந்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கே கன்டெய்னருக்கென்றே சில ஆபத்துகள் உண்டு. தோட்டத்துக் கொட்டகைக் கூட்டுக்குச் சொல்லும் பொது அறிவுரை அவற்றைத் தொடுவதில்லை. முதலாவது கதவு. வேலை முடிந்து கிளம்பும்போது திருட்டுக்குப் பயந்து கதவை இழுத்துப் பூட்டுவது இயல்பு. ரப்பர் பட்டை கவ்விக்கொண்டால் எறும்பு போகவும் வழியில்லை. தாய் வெளியே சிக்கினால் குஞ்சுகள் பட்டினி; உள்ளே சிக்கினால் எல்லாமே போயிற்று. குஞ்சு பொரித்த கூட்டை ஒரு மணி நேரம் தள்ளி நின்று கவனித்தால் விபரீதம் விளங்கும்: சில நிமிடத்துக்கு ஒரு தடவை பெற்றோரில் ஒன்று புழுவோடு வந்து, வாய்கள் திறந்ததும் திணித்துவிட்டு, வெள்ளைப் பையாய்த் திரண்ட எச்சத்தைக் கொத்தித் தூக்கிக்கொண்டு வெளியே பறக்கிறது. அந்தப் போக்குவரத்து அரை நாள் நின்றாலும் தாங்காது. கதவைச் சங்கிலி போட்டுச் சற்றுத் திறந்த நிலையில் பூட்டலாம், அல்லது அறுத்த ஓட்டைகளில் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை அடைக்கலாம். தகைவிலான் உள்ளே பறந்துவர 5 செ.மீ. உயரமும் 7 செ.மீ. அகலமும் உள்ள திறப்பு போதும். ரென்னுக்கு அதைவிடக் குறைவு. திருடன் அதில் நுழைய மாட்டான்.

இரண்டாவது வெயில். ஏப்ரலில் கூடு கட்டும்போது குளுமையாக இருக்கும் இரும்புப் பெட்டி ஜூனில் அடுப்பாகிவிடும். கூரைத் தகடு ஏறத்தாழ 2 மி.மீ. கனம்தான், கீழே காப்புப் பூச்சு ஏதும் இல்லாத நிலையில் அதை ஒட்டிய காற்று மனிதனே நிற்க முடியாத சூட்டுக்கு ஏறும். தகடுக் கூரைக்கு அடியிலுள்ள தகைவிலான் குஞ்சுகள் வெக்கை தாளாமல் பறக்கும் முன்பே கீழே குதிப்பதுண்டு. கூடு கட்டும் நேரத்தில் நல்லதாகத் தெரிந்த இடம் குஞ்சு வளரும் நேரத்தில் கொல்லும் இடமாக மாறுவதைச் சூழலியலில் 'சூழல் பொறி' என்கிறார்கள். பாதி கட்டிய கன்டெய்னர் அதற்குப் பாடநூல் உதாரணம் ஆகலாம். ஆகவே "நான் ஒன்றும் செய்யவில்லை, அதன்பாட்டுக்கு விட்டுவிட்டேன்" என்பதும் முழு நியாயம் ஆகாது. மூன்றாவது புகையும் வாயுவும். பறவையின் நுரையீரல் அமைப்பு நம்முடையதைவிட நச்சு வாயுவுக்கு வெகு சீக்கிரம் பலியாகும். வெல்டிங் புகை, பெயின்ட் ஆவி, எல்லாவற்றுக்கும் மேலாகச் சுவரில் பீய்ச்சும் பாலியூரித்தேன் நுரை. நுரை அடித்த வீட்டுக்குள் ஒரு நாளாவது ஆள் நுழையக் கூடாது என்று மனிதர்களுக்கே சொல்கிறார்கள். காய்ந்த புல்லால் ஆன கூட்டுக்குப் பக்கத்தில் வெல்டிங் பொறி பறப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கூட்டை அப்படியே எடுத்துப் பக்கத்து மரத்தில் வைத்தால் என்ன? எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான், ஆனால் இதுதான் பெரும்பாலும் தோற்பதும். மனித வாசனை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. பெரும்பாலான பறவைகள் அதற்காகக் கூட்டைக் கைவிடுவதில்லை. ஆனால் கூடு இருந்த இடத்தில் இல்லாவிட்டால் தேடிப் போவதும் குறைவு. அவற்றின் நினைவு இடத்தோடு கட்டுப்பட்டது. 2018 ஜூனில் ஒட்டாவாவின் புளூஸ்ஃபெஸ்ட் இசைவிழாவுக்கு முக்கிய மேடை போட வேண்டிய இடத்தில் கில்டீர் என்னும் உப்புக்கொத்தி இனப் பறவை நாலு முட்டை இட்டது. மத்திய அரசின் அனுமதி பெற்று, தேர்ந்தவர்கள் வந்து, கூட்டைக் கொஞ்சம் நகர்த்துவது, பெற்றோர் வந்து உட்காரும்வரை காத்திருப்பது, மறுபடி கொஞ்சம் நகர்த்துவது என்று படிப்படியாக மாற்றினார்கள். விழாவுக்கு முன்பே குஞ்சு பொரித்தது. இதை வெற்றிக் கதையாகச் சொல்கிறவர்கள் இரண்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். கில்டீர் திறந்த தரையில் முட்டையிடுகிற பறவை. நகர்த்திய இடமும் பழைய இடமும் ஒரே மாதிரியான சரளைக்கல் பரப்பு. ரென்னின் கூட்டைப் பெட்டிக்குள்ளிருந்து வெளியே கொண்டுவருவது இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு, மறைவிலிருந்து அம்பலத்துக்குக் கொண்டுவருவது. இரண்டாவது, அவர்களிடம் அனுமதி இருந்தது. வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட பறவையைக் காயமின்றி வெளியேற்ற அமெரிக்காவில் அனுமதி தேவையில்லை. முட்டையோ குஞ்சோ உள்ள கூடென்றால் உரிமம் பெற்ற பறவை மறுவாழ்வாளரைத்தான் நாட வேண்டும். அவரும் பெரும்பாலும் காத்திருக்கத்தான் சொல்வார்.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு காசு. கிரேனுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, நுரை அடிக்கிறவர் தேதி கொடுத்துவிட்டார், கடனுக்கு வட்டி ஓடுகிறது. ஒரு குருவிக்காக ஆறு வாரம் தள்ள முடியுமா? நியாயமான கேள்விதான். ஆனால் கூடு இருக்கும்போது அறவே செய்யக் கூடாத வேலைகளை எண்ணிப் பார்த்தால் அவை சிலவே: அதே பெட்டிக்குள் நுரை, வெல்டிங், பெயின்ட், கூட்டுக்குப் பக்கத்துச் சுவரை அறுப்பது. செப்டிக் குழி, தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம், மின் இணைப்பு, முன்திண்ணை, இரண்டாவது பெட்டி இருந்தால் அதன் உள்வேலை, மேலே நிழற்கூரை — இவற்றில் எதற்கும் கூடு தடையில்லை. நிழற்கூரை கூட்டுக்கே நன்மை. எந்தக் கன்டெய்னர் வீட்டுக்கும் அது எப்படியும் வேண்டியதுதான். இத்தனை வேலையும் முடிந்துபோய், உள்வேலை ஒன்றே மிச்சம் என்ற நிலையில் கூடு வருமானால் அப்போது மட்டும் உண்மையான நஷ்டம். அந்த நஷ்டம் மனிதர் தாங்க முடியாத ஒன்றா என்றால், சிவகங்கை மாவட்டம் பொத்தக்குடியை நினைக்கலாம். 2020இல் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு குருவி முட்டையிட்டதால், குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேலாக ஊரே தெருவிளக்கைப் போடவில்லை. அதே மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய ஊர்கள் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இருட்டில் நடந்தவர்களோடு ஒப்பிட்டால் உள்வேலையைத் தள்ளிப்போடுவது பெரிய தியாகமில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அதைப் பலர் சொல்வதே இல்லை. கூட்டுக் காலத்தைத் தவிர்த்து வேலையைத் திட்டமிடு என்பது தெற்கே எளிது. மினசோட்டாவிலோ ஒன்டாரியோவிலோ கட்டுகிறவருக்குக் குளிர்காலம் வேலைக்கு உதவாது. தகடு சில்லிட்டுக் கிடந்தால் நுரை ஒட்டாது, கான்கிரீட் இறுகாது, நிலம் உறைந்து பள்ளம் வெட்ட முடியாது. கட்டும் பருவமும் கூடு கட்டும் பருவமும் அங்கே ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. இதை மறுக்க முடியாது. ஆனால் இந்த மறுப்பு காலண்டரை மட்டும் பார்க்கிறது. அறுக்கும் நாளைத் தள்ளிப்போடு என்று நான் கேட்கவில்லை. அறுத்த நாளே அடை என்கிறேன். அறுத்தெடுத்த தகட்டுத் துண்டையே கீல் வைத்துத் திரும்ப மாட்டி ஜன்னல் மறைப்பாக்குவது கன்டெய்னர் வீடுகளில் பலர் செய்கிற வேலை. அந்தக் கீலைக் கடைசியில் போடுவதற்குப் பதில் முதல் நாளே போடலாம். அது முடியாவிட்டால் ஒரு பிளைவுட் பலகையும் எட்டு ஸ்க்ரூவும் போதும். காற்றோட்டம் வேண்டும் என்றால் 12 மி.மீ. கண்ணுள்ள கம்பிவலை, ஹவுஸ் ரென் ஓர் அங்குலத் துளையில் நுழைந்துவிடும் என்பதால் பெரிய கண் வலை உதவாது. வாரத்தில் ஐந்து நாள் மூடிக் கிடக்கும் பெட்டியில் கூடு வராது, மினசோட்டாவில் மே மாதமாக இருந்தாலும்.

அடைப்பதையும் ஒரு கொடுமையாகச் சொல்வோர் உண்டு. அதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 2019 வசந்தத்தில் இங்கிலாந்தில் கட்டுமான நிறுவனங்கள் கூடு வராமலிருக்க மரங்களையும் வேலிப் புதர்களையும் வலை போட்டு மூடின. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். நார்ஃபோக் கடற்கரையில் பாக்டன் பாறைச் சரிவில் மணல் தகைவிலான்கள் வழக்கமாகக் குடையும் இடத்தையே வலை மூடியபோது எதிர்ப்பு முற்றி, வலையின் பெரும்பகுதியை எடுக்க வேண்டிவந்தது. அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அது கன்டெய்னருக்குப் பொருந்தாது. பாக்டனில் மூடியது ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிவரும் பறவைகளின் பழைய இருப்பிடம். கன்டெய்னர் நேற்று லாரியில் வந்தது. அதன் மேல் எந்தப் பறவைக்கும் பாத்தியதை கிடையாது. தளர்வான வலை வேண்டாம், கால் சிக்கிச் சாகும்; இறுக்கமான பலகை போதும்.

ஒரு கூட்டைக் காப்பதால் இனம் பிழைத்துவிடுமா என்றும் கேட்பார்கள். பிழைக்காதுதான். 1970க்குப் பிறகு வட அமெரிக்கா ஏறத்தாழ 300 கோடிப் பறவைகளை, அதாவது இருந்ததில் 29 விழுக்காட்டை, இழந்துவிட்டது என்று 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. புல்வெளி அழிவும் பூச்சிக்கொல்லியும் பூனையும் கண்ணாடிச் சுவரும் செய்த சேதத்தின் முன்னால் ஒரு ரென் கூடு எம்மாத்திரம்? ஆனால் இந்த வாதத்தை இரண்டு பக்கமும் திருப்பலாம். சேதம் முழுவதும் இப்படித் தனித்தனியே எம்மாத்திரம் என்று தோன்றிய செயல்களின் கூட்டுத்தொகைதான். கட்டடங்களையே நம்பி வாழும் இனங்களுக்கு, நாம் கட்டும் முறை மாறுவதே நிலம் பறிபோவதுதான்: பழைய புகைபோக்கிகள் மூடப்பட்டதும் சிம்னி ஸ்விஃப்ட் இடமிழந்தது, மரக்களஞ்சியங்கள் போய் அடைத்த தகடுக் கொட்டகைகள் வந்ததும் தகைவிலானுக்கு இடம் சுருங்கியது.

எல்லாக் குருவிக்கும் இதே மரியாதையா? அமெரிக்கச் சட்டம் இல்லை என்கிறது. 1850களில் புரூக்ளினில் விடப்பட்ட சிட்டுக்குருவியும், 1890இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் விடப்பட்ட ஐரோப்பிய ஸ்டார்லிங்கும், மாடப்புறாவும் அங்கே வந்தேறிகள். அவற்றின் கூட்டுக்கு மத்தியச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. பிரிட்டனில் அதே சிட்டுக்குருவியும் ஸ்டார்லிங்கும் எண்ணிக்கை சரிந்து சிவப்புப் பட்டியலில் உள்ளன. கூட்டைத் தொட்டால் குற்றம். ஸ்டார்லிங் சுவர்ப் பஞ்சுக்குள் புகுந்தால் செலவு வைக்கும் என்பதும் உண்மை. அவற்றையும் முட்டைக்கு முன் அகற்றுவது எளிது, பின் அகற்றுவது அருவருப்பானது. அடைத்து வைக்கும் வழக்கம் உள்ளவர் இனம் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே வராது.

உடல்நலம் பற்றிய அச்சத்தை ஊதிப் பெரிதாக்குகிறார்கள். ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்னும் தொற்றுக்குக் காரணமான பூஞ்சை பறவை எச்சம் சேர்ந்த மண்ணில் வளர்வது. புறாவோ ஸ்டார்லிங்கோ கூட்டம் கூட்டமாக ஆண்டுக்கணக்கில் அடைந்த இடத்தில் அது கவலைக்குரியது. ஒரே ஒரு ரென் கூட்டுக்கு ஐந்து வாரம் இடம் கொடுத்ததால் வருகிற ஆபத்து மிகச் சிறியது. உண்ணி மட்டும் நிஜத் தொல்லை. குஞ்சுகள் பறந்ததும் பசியோடு இருக்கும் உண்ணிகள் கூட்டைவிட்டுப் பரவும். மனிதரைக் கடிக்கும், ஆனால் மனிதரிடம் தங்கி வாழாது. கடைசிக் குஞ்சு போய் ஓரிரு நாளில், திரும்பி உறங்க வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, கூட்டை லேசாகத் தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசமும் கையுறையும் போட்டு, பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். உலர்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, தூசி எழும். அன்றே ஓட்டையையும் அடைத்துவிட்டால் உண்ணியும் தீர்ந்தது, இரண்டாம் ஈடும் தவிர்ந்தது.

பறவையை உள்ளே விடாமல் அடைப்பவர் வெளியே ஓர் இடம் கொடுக்கலாம். கொடுத்தால் வந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சான் பிரான்சிஸ்கோ–ஓக்லண்ட் பே பிரிட்ஜின் கிழக்குப் பகுதிக்குப் பதில் புதுப்பாலம் 2013இல் திறந்தபோது, பழைய பாலத்தில் கூடு கட்டிவந்த நீர்க்காகங்களுக்காகப் புதுப்பாலத்தின் அடியில் தட்டுகள் அமைத்திருந்தார்கள். பறவைகள் அவற்றைச் சீந்தவில்லை. பொம்மை நீர்க்காகங்களை வைத்தார்கள், பதிவுசெய்த குரலை ஒலிபரப்பினார்கள். பழைய பாலத்தை இடிக்கும் வேலையில் அது ஒரு தலைவலியாகவே நீடித்தது. பழைய வீடு கண்ணெதிரே திறந்திருக்கும்போது புதிய வீட்டுக்கு யார் போவார்கள்? பெட்டி வீட்டுக்கு இதைப் பொருத்தினால், வெளித்தட்டை மார்ச்சுக்கு முன்பே, உள்ளே ஒரு ஓட்டையும் திறந்திராதபோதே மாட்ட வேண்டும். கன்டெய்னரின் பக்கச் சுவருக்கு இறவாணம் கிடையாது. நிழற்கூரை போட்டு இரண்டடி வெளியே நீட்டினால்தான் ஃபீபிக்கும் தகைவிலானுக்கும் ஏற்ற மறைவு உண்டாகும். அதன் அடியில், கிழக்கையோ வடக்கையோ பார்த்து, ஒரு சாண் அகலத்தில் சொரசொரப்பான மரத்தட்டு. வாசலுக்கு நேர்மேலே வைக்க வேண்டாம். எச்சம் தலையில் விழும். தட்டுக்கு ஒரு முழம் கீழே இன்னொரு பலகை சாய்த்து அடித்தால் சுவரும் நாறாது.